சோம்பல் என்று சொல்லுமுன் அளந்து பாருங்கள்

பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் காலை ஐந்து மணி பெரும்பாலும் சண்டையோடுதான் விடிகிறது. அலாரம் அடித்து ஓய்கிறது, அம்மா நாலு தடவை கூப்பிடுகிறார், அப்பா குரலை உயர்த்துகிறார். ஒருவழியாக எழுந்து உட்காரும் பிள்ளை, திறந்த புத்தகத்தின் மேலேயே தலை சாய்கிறது. அதே பிள்ளை இரவு பத்தரைக்கு மேல் தெளிவாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. இந்த முரணைப் பார்க்கும் நாம் சோம்பல், பொறுப்பின்மை, செல்போன் என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஒருவருக்குக் காலையில் சுறுசுறுப்பு கூடுவதும் இன்னொருவருக்கு மாலைக்கு மேல் கூடுவதும் உடலோடு வந்த இயல்பு. வயதோடு மாறும் இயல்பு. ஓரளவு நம்பகமாக அளக்கக்கூடிய இயல்பும்கூட. அளந்து பார்க்காமல் பிள்ளையின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது தவறு. அளந்து பார்த்தால், திருத்த வேண்டியது பல நேரம் பிள்ளையின் கால அட்டவணைதான் என்பது தெரியவரும்.

உடலுக்குள் இருக்கும் கடிகாரம்

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. உடலின் வெப்பநிலை, ஹார்மோன்கள், பசி, விழிப்பு எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது அதுதான். உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களில் இதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். கண் வழியே வரும் பகல் வெளிச்சம் தினமும் அதை இழுத்து நேர்ப்படுத்துகிறது. இருட்டத் தொடங்கியதும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கிறது. சிலருக்கு இந்த அறிவிப்பு முன்னதாக வருகிறது, சிலருக்குப் பிந்தி வருகிறது. முன்னவர்களைக் காலைச் சார்பு உள்ளவர்கள் என்றும் பின்னவர்களை மாலைச் சார்பு உள்ளவர்கள் என்றும் ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். பெரும்பாலானோர் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறார்கள்.

தூக்கத்தை முடிவு செய்வது இந்தக் கடிகாரம் மட்டும் இல்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத் தேவை உடலில் ஏறிக்கொண்டே போகிறது. சூரிச்சைச் சேர்ந்த ஆஸ்கர் யென்னியும் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடனும் சக ஆய்வாளர்களோடு 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பருவ வளர்ச்சி முதிர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தேவை மெதுவாக ஏறுகிறது என்று காட்டியது. பத்து வயதுப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கே கண் சொருகிவிட, அதன் பதினைந்து வயது அக்கா பத்தரைக்கும் களைப்பில்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வயதோடு பின்தள்ளிப்போகும் நேரம்

சின்னஞ்சிறு குழந்தைகள் பெரும்பாலும் காலைப் பறவைகள். பள்ளி இல்லாத நாளிலும் ஆறு மணிக்கு எழுந்து வீட்டையே எழுப்பிவிடுவார்கள். 8 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மாலைச் சார்பை நோக்கிய நகர்வு 13 வயதையொட்டித் தென்பட்டது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் டில் ரோனபெர்க் பெரும் எண்ணிக்கையிலானோரின் தூக்க நேரங்களைத் திரட்டி 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தப் பின்தள்ளல் சுமார் 20 வயதில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் மெல்லத் திரும்புகிறது. பெண்களுக்கு இந்த உச்சம் சற்று முன்னதாகவும் ஆண்களுக்குச் சற்றுப் பிந்தியும் வருகிறது.

இந்த ஆய்வுகளுக்கு முன்னோடி, கார்ஸ்கடன் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. அவர் எடுத்துக்கொண்டது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை. எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே வகுப்பு. பருவ வளர்ச்சியில் மட்டும் முன்பின்னாக இருந்தார்கள். வளர்ச்சியில் முந்தியிருந்த பெண் பிள்ளைகளிடம் மாலைச் சார்பு தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடமும் அதே திசையில் சாய்வு தெரிந்தாலும் அது உறுதிப்படவில்லை. வயதும் வகுப்பும் வேறுபடாதபோது, பாடச் சுமையையோ நண்பர்களையோ மட்டும் காரணம் காட்ட முடியாது. உடல் வளர்ச்சியோடு சேர்ந்தே நேரமும் நகர்கிறது என்பதற்கான முதல் வலுவான சான்றுகளில் ஒன்று அது.

பத்துக் கேள்விகள்

பெரியவர்களுக்கான அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. ஜேம்ஸ் ஹார்னும் ஓலோவ் ஓஸ்ட்பெர்க்கும் 1976-இல் வெளியிட்ட 19 கேள்விகள் கொண்ட வினாத்தாள் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 16 முதல் 86 வரை மதிப்பெண். எண் ஏற ஏறக் காலைச் சார்பு. தன் நாளைத் தானே திட்டமிடும் பெரியவரிடம் கேட்கும் கேள்விகளை, எழுவதையும் படுப்பதையும் வேறொருவர் முடிவு செய்யும் பிள்ளையிடம் அப்படியே கேட்க முடியாது. அதனால் கார்ஸ்கடன் குழு பிள்ளைகளின் அன்றாடத்துக்கு ஏற்பப் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோலை அமைத்தது. இதில் மதிப்பெண் 10 முதல் 43 வரை.

அந்தக் கேள்விகளின் போக்கு கவனிக்கத் தக்கது. நாளைக்குப் பள்ளி இல்லை, எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்றால் எத்தனை மணிக்கு எழுவாய்? உடற்பயிற்சி வகுப்பு காலை ஏழு மணிக்கு வைத்தால் உன்னால் எப்படிச் செய்ய முடியும்? இரண்டு மணி நேரத் தேர்வு ஒன்றை உனக்குப் பிடித்த நேரத்தில் எழுதலாம் என்றால் எந்த நேரத்தைக் கேட்பாய்? தூங்கப் போகலாம் என்று உடம்பு எத்தனை மணிக்குச் சொல்கிறது? இந்த ரீதியில் அவை போகின்றன. ‘நீ என்ன செய்கிறாய்’ என்பதை விட்டுவிட்டு, கட்டாயம் விலகினால் உன் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தேடுகின்றன. காலை ஆறு மணிக்கே பள்ளி வேன் ஏறும் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது என்று கேட்டால், வேன் ஓட்டுநரின் நேரம்தான் பதிலாகக் கிடைக்கும்.

மதிப்பெண்ணைப் படிப்பதில் நிதானம் வேண்டும். இந்த எண்ணுக்கு மேல் காலைச் சார்பு, இதற்குக் கீழ் மாலைச் சார்பு என்ற எல்லைக்கோடு எல்லா நாட்டுக்கும் பொதுவானதாக இல்லை. ஸ்பெயினில் ஹுவான் பிரான்சிஸ்கோ டியாஸ் மொராலஸ், இத்தாலியில் லோரென்சோ டோனெட்டி, ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் ராண்ட்லர் போன்றோர் இத்தகைய அளவுகோல்களைத் தங்கள் நாட்டுப் பிள்ளைகளிடம் தனியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரவு உணவே ஒன்பதரைக்குத் தொடங்கும் ஊரில் ‘தாமதம்’ என்பதற்கு உள்ள அளவு வேறு. ஆங்கில வினாத்தாளைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்துவிட்டு வெளிநாட்டு எல்லைக்கோட்டை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பது அளவீடு ஆகாது.

சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பதில்

ஆறு வயதுக் குழந்தையிடம் எந்த நேரத்தில் உனக்குச் சுறுசுறுப்பு அதிகம் என்று கேட்டால் பொருளுள்ள பதில் வராது. இதற்காகவே ஹெலேன் வெர்னர், மோனிக் லெபூர்ஜ்வா, ஆஸ்கர் யென்னி உள்ளிட்டோர் 2009-இல் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான வினாத்தாளை வெளியிட்டார்கள். இதன் 27 கேள்விகளுக்கும் பதில் சொல்பவர் பெற்றோர். பள்ளி நாளில் படுக்கும், எழும் நேரம், விடுமுறை நாளில் படுக்கும், எழும் நேரம், எழுப்ப எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது, எழுந்த பின் தெளிவு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்றெல்லாம் அது கேட்கிறது. குழந்தையோடு ஒரே அறையில் படுக்கும் பெற்றோரின் கண் இந்த வயதில் நல்ல கருவி.

பதின்பருவத்தில் அதே கண் தவறிவிடுகிறது. விளக்கு அணைந்த நேரம்தான் பெற்றோருக்குத் தெரியும். அதன்பின் எவ்வளவு நேரம் பிள்ளை புரண்டுகொண்டிருந்தது என்பது தெரியாது. அதனால் வளர்ந்த பிள்ளை உண்மையில் தூங்குவதைவிட அதிகமாகத் தூங்குகிறது என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளையின் சொந்தப் பதில் அவசியமாகிறது.

விருப்பம் ஒன்று, தூங்கும் நேரம் ஒன்று, கடிகாரம் ஒன்று

வினாத்தாள் அளப்பது விருப்பத்தை. அதோடு நிற்காமல், உண்மையில் தூங்கும் நேரத்தையும் அளக்க வேண்டும். ரோனபெர்க், அன்னா விர்ஸ் ஜஸ்டிஸ், மார்த்தா மெரோ ஆகியோர் 2003-இல் அறிமுகப்படுத்திய மியூனிக் வினாத்தாள் இதற்கு எளிய வழி காட்டியது. தூங்கத் தொடங்கிய நேரத்துக்கும் விழித்த நேரத்துக்கும் நடுப்புள்ளியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை பள்ளி நாட்களில் இரவு 11 மணிக்குத் தூங்கிக் காலை 5.30-க்கு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரை மணி நேரத் தூக்கம், நடுப்புள்ளி 2.15. விடுமுறையில் 12.30-க்குத் தூங்கி 9 மணிக்கு எழுந்தால் எட்டரை மணி நேரத் தூக்கம், நடுப்புள்ளி 4.45. இரண்டுக்கும் இடைவெளி இரண்டரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் ஓர் ஊரின் நேரத்திலும் இரண்டு நாள் இரண்டரை மணி நேரம் மேற்கே உள்ள ஊரின் நேரத்திலும் அந்த உடல் வாழ்கிறது. ரோனபெர்க் குழுவினர் 2006-இல் இதற்கு ‘சமூக ஜெட்லாக்’ என்று பெயர் வைத்தார்கள். விடுமுறையில் கூடுதலாகத் தூங்கியதில் ஒரு பகுதி வாரம் முழுக்க விட்ட தூக்கத்தின் கடன் என்பதால், அதைக் கழிக்கவும் அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையின் வாரச் சராசரித் தூக்கம் சுமார் 7 மணி 4 நிமிடம். விடுமுறைத் தூக்கம் அதைவிட 1 மணி 26 நிமிடம் அதிகம். அதில் பாதியை 4.45-இலிருந்து கழித்தால் சுமார் 4 மணி வருகிறது. இதுவே அந்தப் பிள்ளையின் இயல்பான நடுத்தூக்க நேரம்.

மூன்றாவது, கடிகாரத்தையே அளப்பது. மங்கலான வெளிச்சத்தில் உட்காரவைத்து, மாலையிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை உமிழ்நீர் எடுத்து, மெலட்டோனின் எப்போது ஏறத் தொடங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். மிகத் துல்லியமானது, ஆனால் செலவும் சிரமமும் உள்ளது. வினாத்தாள் முடிவுகள் இந்த அளவோடு மிதமாகவே ஒத்துப்போகின்றன. அப்படியானால் வினாத்தாள் எதற்கு என்று கேட்கலாம். விருப்பம், நடத்தை, கடிகாரம் மூன்றும் நெருங்கிய உறவுள்ளவை, ஆனால் ஒன்றல்ல. ஒன்று தரும் எண்ணை வைத்து முடிவெடுக்காமல், இரண்டாவது அளவோடு சேர்த்துப் பார்ப்பதே முறை. மணிக்கட்டில் கட்டும் அசைவுப் பதிவுக் கருவியோ, தினமும் எழுதும் தூக்கக் குறிப்பேடோ அந்த இரண்டாவது அளவாக உதவும்.

எல்லாம் செல்போன் செய்யும் வேலைதானே?

இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. இரவு வெளிச்சம் மெலட்டோனினைத் தடுத்துக் கடிகாரத்தைப் பின்தள்ளும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் மலைப்பகுதியில் முகாமிட்ட பெரியவர்களுக்கு மெலட்டோனின் ஏற்றம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்தது. பிள்ளைகளின் கையில் இரவு பதினொரு மணிக்கு ஒளிரும் திரை கட்டாயம் கேடு செய்கிறது. அதை எடுத்து வைப்பது நல்லது.

ஆனால் கார்ஸ்கடன் 1993-இல் இந்த நகர்வைப் பதிவு செய்தபோது ஸ்மார்ட்போன் பிறக்கவே இல்லை. பருவமடையும் காலத்தில் சில பாலூட்டி விலங்குகளின் இயக்க நேரமும் இப்படிப் பின்தள்ளுவது பதிவாகியிருக்கிறது. அவற்றுக்கு வாட்ஸ்அப்பும் இல்லை, தேர்வும் இல்லை. செல்போன், உடல் ஏற்கெனவே போகும் திசையில் மேலும் தள்ளுகிறது. செல்போனைப் பிடுங்கி வைத்த பிறகும் பிள்ளைக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அது பிடிவாதம் என்று எண்ண வேண்டாம்.

பழக்கினால் வராதா?

அதிகாலையில் எழுவதை நல்லொழுக்கமாகப் போற்றும் சமூகம் நம்முடையது. விவசாய வேலைக்கும் வெயிலுக்கும் அது பொருந்தியது. பழக்கத்துக்கு வலிமை உண்டு என்பதும் மெய். எழுந்ததும் கிடைக்கும் காலை வெயில், மாலையில் குறைந்த வெளிச்சம், நாள் தவறாத எழும் நேரம் ஆகியவை கடிகாரத்தை ஓரளவு முன்னே இழுக்கும். ஆனால் எழும் நேரத்தை மட்டும் முன்னுக்கு இழுத்து, தூங்கும் நேரம் அங்கேயே நின்றால் கிடைப்பது பழக்கம் ஆகாது, தூக்க இழப்புதான். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை, 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்கிறது. பதினொன்றுக்குத் தூக்கம் வரும் பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் ஐந்தரை மணி நேரம்தான் மிச்சம். முந்தைய நாள் படித்ததை மூளை பதித்து வைக்கும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. படிப்புக்காகத் தூக்கத்தை வெட்டும்போது படிப்பையே வெட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு தொடங்குவது காலை 10 மணிக்கு. அந்த நேரத்தில் மூளை தெளிவாக இருக்க வேண்டும் என்பதே தேவை. அதிகாலை நாலு மணி ஸ்டடியால் பலன் பெறும் காலைச் சார்புப் பிள்ளையும் உண்டு, அதனால் பத்து மணிக்குள் களைத்துப்போகும் மாலைச் சார்புப் பிள்ளையும் உண்டு. இருவரையும் ஒரே ஹாஸ்டல் மணி எழுப்புவதுதான் சிக்கல்.

மதிப்பெண் குறைவது யாரால்?

மாலைச் சார்புள்ள பிள்ளைகள் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டு அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று முடிவு கட்டுவோர் உண்டு. நெதர்லாந்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. காலைத் தேர்வுகளில் காலைச் சார்புள்ளவர்கள் முந்தினார்கள். பிற்பகல் தேர்வுகளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் காலை, பிற்பகல், மாலை என மூன்று ஷிஃப்டுகளில் இயங்கும் பள்ளியில், பிள்ளைகள் எந்த ஷிஃப்டில் சேர வேண்டும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. அங்கே நடந்து 2020-இல் வெளியான ஆய்விலும், மாலைச் சார்புள்ளவர்கள் பின்தங்கியது குறிப்பாகக் காலை ஷிஃப்டில்தான். குலுக்கல் என்பதால், சோம்பேறிகள்தான் மாலை ஷிஃப்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. பிள்ளைக்கும் பள்ளி மணிக்கும் இடையிலான பொருத்தக் குறைவைப் பிள்ளையின் குறையாக எழுதிவிடுகிறோம்.

பள்ளி நேரத்தைத் தள்ளினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. முன்னும் பின்னும் மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்ததில், மாணவர்களின் அன்றாடத் தூக்கம் சுமார் 34 நிமிடம் கூடியிருந்தது. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 முதல் இதுவே சட்டம். மகாராஷ்டிர அரசு 2024-இல் நான்காம் வகுப்பு வரையிலான பள்ளிகள் காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது. சிறு பிள்ளைகள் மேல் வைத்த அக்கறை வரவேற்கத் தக்கது. ஆனால் கடிகாரம் பின்தள்ளிப் போவது ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும்தான். அதே அக்கறை அவர்களுக்கும் எட்ட வேண்டும். காலை ஆறு மணி ஸ்பெஷல் கிளாஸும் டியூஷனும் அதன் எதிர்த்திசையில் ஓடுகின்றன.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு சாதாரண நோட்டுப் போதும். பள்ளி நடக்கும் இரண்டு வாரங்களும், நீண்ட விடுமுறையில் ஒரு வாரமும் எழுத வேண்டும். விடுமுறையின் முதல் சில நாட்களில் பிள்ளை பழைய கடனைத் தூங்கித் தீர்க்கும் என்பதால், அவற்றை விட்டுவிட்டு அதன்பின் எண்ணத் தொடங்குவது நல்லது. விளக்கணைத்த நேரம், தூக்கம் வந்ததாகத் தோன்றும் நேரம், விழித்த நேரம், தானாக விழித்ததா எழுப்பப்பட்டதா, மாலையில் குடித்த டீ காபி, எந்த நேரத்தில் மனம் தெளிவாக இருந்தது ஆகியவை போதும். வளர்ந்த பிள்ளை தானே எழுதட்டும். இது துப்பறியும் வேலையாக மாறினால் பதில்கள் பொய்யாகும். நடுத்தூக்க நேரத்தைக் கணக்கிட்டு, பள்ளி நாளுக்கும் விடுமுறைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அட்டவணையில் கை வைக்க வேண்டும். கடினமான பாடத்தைப் பிள்ளை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு மாற்றலாம். அதிகாலை டியூஷனை மாலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ சிறிது நேரம் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை எழும் நேரம் மற்ற நாட்களைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்ளலாம். தீர வேண்டிய கடனுக்குச் சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுப்பது நல்ல வழி.

மாலைச் சார்பு நோய் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராமல் பள்ளியே தடைப்பட்டாலும், சத்தமான குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலும், போதிய நேரம் தூங்கியும் பகலில் கண் மூடினாலும், மனச்சோர்வு தெரிந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெலட்டோனின் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. எப்போது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் விளைவு மாறும்.

இந்த அளவீட்டால் ஓர் ஆபத்தும் உண்டு. ‘நான் மாலைச் சார்பு’ என்பது சாக்காகவோ, ‘இவன் மாலைச் சார்பு’ என்பது முத்திரையாகவோ ஆகிவிடலாம். பதினைந்தில் பின்தள்ளியிருக்கும் கடிகாரம் இருபத்தைந்தில் முன்னேறத் தொடங்கியிருக்கும் என்பதால், இன்றைய எண் இன்றைக்கு மட்டுமே செல்லும். ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி அளந்து, அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிகளும் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் குறித்து வைப்பதுபோல் அவர்களின் தூக்க நேரத்தையும் கேட்டுக் குறிக்கத் தொடங்கினால், ஸ்பெஷல் கிளாஸை எத்தனை மணிக்கு வைப்பது என்பதை வழக்கத்தை விட்டு ஆதாரத்தின் மேல் முடிவு செய்யலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை; பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்பினால் போதும்.